மூன்று செங்கற்கள்

கணிதத்துக்கும் எனக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டால், நான் அதை அப்பளமாகவோ, பௌர்ணமி நிலவாகவோ, எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணறாகவோதான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு மையம் உண்டு, அந்த மையத்தை இரண்டே எண்களில் சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தார். நெட்டுருப் போட்டேன்; பரீட்சை எழுதினேன்; மறந்தேன். கல்லூரியையும் இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டுக் கதை எழுதக் கிளம்பியவனுக்கு, வட்டத்தின் மையம் எங்கே இருந்தால் என்ன?

அப்படிக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாத ஒரு சமயம் போன வருஷம் வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சிறு கிராமம். தெற்குப் பார்த்த இரண்டு வீடுகள், ஒரே சுவரை ஒட்டியது போல அடுத்தடுத்து நிற்கும். மேற்கே இருப்பது என் தகப்பனார் வீடு. கிழக்கே இருப்பது சித்தப்பா வீடு. தாத்தா தம் கடைசிக் காலத்தில் பிள்ளைகள் இருவருக்கும் பாகம் பிரித்துக் கொடுத்தபோது, கொல்லைக்கு நடுவில் வேலி போடவில்லை. பத்திரத்தில் ஒரு வரி மட்டும் எழுதி வைத்தார். கிணற்றின் நடு மத்தியில் தெற்கு வடக்காக ஓடும் கோட்டுக்கு மேல்புறம் மூத்தவனுக்கு, கீழ்புறம் இளையவனுக்கு; கிணறு இருவருக்கும் பொது. அவருக்குத் தெரிந்து அதைவிட நிலையான அடையாளம் அந்தக் கொல்லையில் வேறு இல்லை. மரம் சாயும், சுவர் இடியும், கிணறு எங்கே போகப் போகிறது என்று நினைத்திருப்பார்.

கிணறுதான் முதலில் போயிற்று. நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வருஷத்து ஐப்பசி மழையில், கிணற்றின் மேற்கே நின்ற பெரிய மாமரம் வேரோடு சாய்ந்தது. சாய்ந்த மரம் தன் பக்கத்துக் கைப்பிடிச் சுவரையும் வாரிக்கொண்டு போயிற்று. உள்ளே மண் சரிந்து தூர்ந்துவிட்டது. அப்போது ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதால் மறுபடியும் தூர் வாங்கி இறைக்க யாருக்கும் மனசில்லை. மிச்சமிருந்த மண்ணையும் கொட்டி மூடினார்கள். வட்டத்தின் வடமுனையில் ஆரம்பித்துக் கிழக்கே வளைந்து தென்கிழக்கில் முடியும் ஒரு துண்டுச் சுவர் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. முழு வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் இருக்கும்.

அடுத்த வருஷம் என் தகப்பனார் டேப் பிடித்து அளந்து, முள்வேலி போட்டார். சித்தப்பா வந்து பார்த்தார். "அண்ணே, இது நடு இல்லை" என்றார். "அளந்துதான் போட்டேன்" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. அடிதடி இல்லை, கோர்ட்டு இல்லை. ஆனால் அன்றைக்கு நின்ற பேச்சு, அப்பா கண்ணை மூடும் வரையில் தொடரவில்லை. இரண்டு வீட்டிலும் பொங்கல் ஒரே நேரத்தில் பொங்கும். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் "பொங்கலோ பொங்கல்" கேட்கும். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். அப்பாவின் சாவுக்குச் சித்தப்பா வந்தார். கொல்லை வழியாக வரவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார்.

போன வருஷம் சித்தப்பாவின் மகன், என் தம்பி முறை, என்னிடம் வந்து நின்றான். வேலி மக்கிப்போய்விட்டது, காம்பவுண்டுச் சுவர் எழுப்ப வேண்டும் என்றான். "பழைய பேச்செல்லாம் நமக்கு வேண்டாம் அண்ணே. பத்திரத்திலே என்ன எழுதியிருக்கோ, அதன்படி வச்சுடலாம்" என்றான். நியாயமான பேச்சு. மக்கிய வேலியைப் பிடுங்கிப் போட்டோம். சர்வேயரை அழைத்து வந்தோம். அவர் பத்திரத்தைப் படித்துவிட்டு, "கிணற்றின் மத்தி என்று போட்டிருக்கிறதே, கிணறு எங்கே?" என்று கேட்டார். நாங்கள் துண்டுச் சுவரைக் காட்டினோம். "இது கிணறு இல்லை சார், செங்கல்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்து முடித்துப் போய்விட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. அவர் சொன்னது உண்மை.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தவள் திண்ணையில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, வட்டம் முழுசா இருக்கணும்னு அவசியமே இல்லையே, மூணு செங்கல் போதுமே" என்றாள்.

வாசகர்கள் பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எனக்கே புரிந்த கணக்கு உங்களுக்குப் புரியாமல் போகாது.

அவள் சொன்னது இதுதான். கிணற்றின் மையம் என்பது, சுவரில் உள்ள எல்லாச் செங்கல்லுக்கும் ஒரே தூரத்தில் இருக்கிற இடம். ஒரே ஒரு செங்கல்தான் மிச்சம் என்றால், மையம் எந்தத் திசையில் வேண்டுமானாலும் எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு செங்கல் இருந்தால் கொஞ்சம் கட்டுப்படும். இரண்டுக்கும் சம தூரத்தில் உள்ள இடங்கள் எல்லாம் ஒரு நேர்கோட்டில் விழுகின்றன, மையம் அந்தக் கோட்டில் எங்கோ இருக்க வேண்டும். மூன்றாவது செங்கல்லையும் சேர்த்துக்கொண்டால் இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டு கோடும் ஓர் இடத்தில்தான் வெட்டிக்கொள்ளும். அதற்கு மேல் தப்பிக்க வழியில்லை. ஒரு சாட்சி, இரண்டு சாட்சி, மூன்று சாட்சி என்று வழக்கு நடப்பது போலவே இருந்தது எனக்கு.

வட்டத்துக்கு மையம் காண்பது பழைய வித்தைதான். யூக்ளிட் தம் நூலின் மூன்றாம் புத்தகத்தை அந்தக் கணக்கோடுதான் தொடங்குகிறார். ஆனால் அவர் வழியில் போனால் கயிற்றையும் முளையையும் எடுத்துக்கொண்டு தரையில் கோடு கிழிக்க வேண்டும். எங்கள் கொல்லையில், கிணறு இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஆடாதொடையும் எருக்கும் மண்டிக் கிடந்தன. அடியில் செங்கல் குவியல். பாம்புக்குப் பயந்து ஒருவரும் கால் வைப்பதில்லை. மகளோ குவியலுக்குள் இறங்கவே இல்லை. எங்கள் கொல்லைப் படியின் மூலையில் ஆணியடித்து, அதிலிருந்து ஒவ்வொரு செங்கல்லும் கிழக்கே எத்தனை அடி, வடக்கே எத்தனை அடி என்று இரண்டு எண்களை மட்டும் குறித்துக்கொண்டாள். சுவர் ஓரமாகக் கயிறு கட்டி, மேஸ்திரியிடம் மூலைமட்டம் இரவல் வாங்கிச் சரிபார்த்தாள். மிச்சத்தை நோட்டுப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டாள்.

ஓர் இடத்தை இப்படி இரண்டு எண்களாக்கி, வடிவத்தை எழுத்தும் எண்ணுமாக மாற்றிக் கணக்குப் போடும் இந்த வழி, 1637இல் ரெனே டேக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட புத்தகத்தோடு உலகத்துக்குப் பரவியது. படுக்கையில் படுத்தபடி விட்டத்தில் ஊர்ந்த ஈயைப் பார்த்து அவருக்கு இது தோன்றியதாக ஒரு கதை உண்டு. கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பிற்பாடு யாரோ கட்டிய கதை போலத்தான் இருக்கிறது. அதே காலத்தில் துலூஸ் நகரத்து நீதிசபையில் உத்தியோகம் பார்த்த பெர்மா என்பவரும் தனியாக உட்கார்ந்து அதே வழியைக் கண்டுபிடித்திருந்தார். அவர் எழுதியது அவர் இறந்தபின் 1679இல்தான் அச்சேறியது. இரண்டு பேரும் ஒரே புள்ளிக்கு இரண்டு திசையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். சேர்ந்ததும் கட்டித் தழுவிக்கொண்டார்களா என்றால் இல்லை. வளைகோட்டுக்குத் தொடுகோடு வரைவது எப்படி என்று கடிதத்துக்குக் கடிதம் சண்டை போட்டுக்கொண்டார்கள். எங்கள் கொல்லையும் பிரான்ஸ் தேசமும் அப்படியொன்றும் தூரம் இல்லை.

மகள் எடுத்துக்கொண்ட செங்கற்கள் மூன்று. அங்குலங்களை விட்டுவிட்டு முழு அடியாகவே சொல்கிறேன். முதல் செங்கல், கிழக்கே 15, வடக்கே 24. இரண்டாவது, கிழக்கே 17, வடக்கே 20. மூன்றாவது, கிழக்கே 16, வடக்கே 17. மையத்திலிருந்து முதல் செங்கல்லுக்கும் இரண்டாவதுக்கும் தூரம் சமம் என்று எழுதினாள். வர்க்கங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், கடைசியில் மிஞ்சியது சின்ன வாக்கியம்: மையத்தின் வடக்கு எண்ணை இரட்டித்து, கிழக்கு எண்ணைக் கழித்தால் 28. அதேபோல இரண்டாவதையும் மூன்றாவதையும் சமமாக்கினாள்: வடக்கு எண்ணை மும்மடங்காக்கி, கிழக்கு எண்ணைக் கூட்டினால் 72. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் கிழக்கு எண் காணாமல் போகிறது. வடக்கு எண்ணின் ஐந்து மடங்கு 100. ஆகவே வடக்கே 20. அப்புறம் கிழக்கே 12.

"பன்னிரண்டு அடி" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. அப்பாவின் வேலி நின்றது பதினாலரை அடியில். அவருடைய பழைய கணக்குப் புத்தகத்தில் பென்சிலால் "கிணறு நடு 14½" என்று எழுதி, கீழே கோடு போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டரை அடி அகலம், அறுபது அடி நீளம், 150 சதுர அடி. ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு. இத்தனை வருஷமாகச் சித்தப்பாவின் மண்ணில் நாங்கள் குப்பை கொட்டி, கோலம் போட்டு, துணி உலர்த்தி வாழ்ந்திருக்கிறோம். அம்மா வைத்த மாதுளை மரம் வேறு அந்த இரண்டரை அடியில்தான் நின்றது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பிக்கோ கணக்குத் தெரியாது. சர்வேயரோ கைகழுவிவிட்டார். பழைய வேலி இருந்த குழிகள் இன்னும் மூடவில்லை. அந்தக் கோட்டிலேயே சுவர் வைத்துக்கொள் என்று சொன்னால் அவன் தலையாட்டிவிடுவான். பெண் குழந்தை நோட்டுப் புத்தகத்தில் ஏதோ போட்டுப் பார்த்தாள் என்பதற்காக, அப்பா பேர் ஊரில் கெட வேண்டுமா? இப்படியெல்லாம் மனசு பேரம் பேசிற்று. மண் போவதைவிட, "உன் அப்பன் தம்பியை ஏமாற்றினான்" என்ற பேச்சு வரும் என்பதுதான் என்னைக் குடைந்தது. காலையில் எழுந்ததும் மகளிடம், "எதற்கும் இன்னொரு தடவை போட்டுப் பாரேன்" என்றேன். வேறு விடை வராதா என்ற ஆசை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெற்ற பிள்ளை அப்படிப் பார்ப்பதற்கு மருந்தே கிடையாது.

"இன்னொரு தடவை போடலாம்ப்பா. ஆனா இந்தத் தடவை அவங்க படியிலேருந்து" என்றாள்.

தம்பியைக் கூப்பிட்டாள். "சித்தப்பா, நாங்க எங்க வாசப்படியிலேருந்து அளந்தோம். நீங்க நம்ப வேண்டாம். உங்க கொல்லைப் படியிலேருந்து நீங்களே அளந்து சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றாள். அவன் தன் படி மூலையில் ஆணி அடித்தான். அவனுக்குக் கிணறு இருப்பது மேற்கே. ஆகவே அவன் மேற்கே எத்தனை, வடக்கே எத்தனை என்று அளந்தான். அதே மூன்று செங்கற்கள். அவனுக்குக் கிடைத்த எண்கள்: 11, 22, 9, 18, 10, 15. ஓர் எண்கூட எங்கள் எண்ணோடு ஒக்கவில்லை. அவன் முகத்தில் சந்தேகம் தட்டியது. "என்னம்மா, எல்லாமே வேற வேறயா வருதே?" என்றான்.

"வரட்டும் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுக் கணக்கைப் போட்டாள். மேற்கு எண்ணோடு வடக்கு எண்ணின் இரு மடங்கைக் கூட்டினால் 50. வடக்கு எண்ணின் மும்மடங்கிலிருந்து மேற்கு எண்ணைக் கழித்தால் 40. கூட்டினால் ஐந்து மடங்கு 90. வடக்கே 18, மேற்கே 14. விடையும் வேறாகத்தான் வந்தது. எங்களுக்கு 12, 20. அவர்களுக்கு 14, 18.

அப்புறம் இரண்டு பக்கத்திலிருந்தும் புதரை வெட்டி வழி செய்தோம். நான் எங்கள் ஆணியிலிருந்து கிழக்கே 12, வடக்கே 20 அளந்துகொண்டு வந்தேன். தம்பி அவன் ஆணியிலிருந்து மேற்கே 14, வடக்கே 18 அளந்துகொண்டு வந்தான். இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடி டேப்பை இழுத்துக்கொண்டு வந்தவர்கள், தலை நிமிர்ந்தபோது ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும் தூரத்தில் நின்றோம். இரண்டு டேப்பின் நுனியும் ஒரு கையகல இடத்தில் விழுந்தன. அங்குலக் கணக்கில் இருந்த வித்தியாசம் செங்கல் உடைசலால் வந்தது. முளையை அங்கே அடித்தோம்.

மகள் அதோடு விடவில்லை. கணக்கில் சேர்க்காத செங்கல் ஒன்று, துண்டுச் சுவரின் வடக்குக் கோடியில் இருந்தது. எங்கள் அளவில் கிழக்கே 12, வடக்கே 25. முளையிலிருந்து அதுவரை டேப் பிடிக்கச் சொன்னாள். சரியாக ஐந்து அடி. மற்ற மூன்றுக்கும் அதே ஐந்து அடி. பத்தடி வாய் அகலமுள்ள கிணறு. எனக்கு நினைவிருந்த கிணறு அதுதான்.

இதையெல்லாம் சித்தப்பா தம் கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர், காது மந்தம். நான் போய் அவர் முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சித்தப்பா, நீங்க சொன்னதுதான் சரி. வேலி இரண்டரை அடி உங்க பக்கம் தள்ளிப் போட்டிருக்கு" என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. முளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்கவில்லை, பேத்தியைத்தான் கேட்டார்: "உன் தாத்தா எப்படிம்மா பதினாலரைன்னு போட்டான்?"

எனக்குத் தோன்றாத கேள்வி அது. மகளுக்கும் அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை என்று நினைக்கிறேன். நோட்டைப் புரட்டினாள். துண்டுச் சுவரில், மேற்கே கடைசியாக நிற்கும் செங்கல் 12 அடியில். கிழக்கே அதிகமாகப் பிதுங்கி நிற்பது 17 அடியில். இரண்டுக்கும் நடு, பதினாலரை.

"சின்னத் தாத்தா, தாத்தா கண்ணுக்குத் தெரிஞ்ச சுவரை மட்டும் அளந்து அதுக்கு நடுவை எடுத்திருக்காங்க. மேற்கே விழுந்துபோன பாதியைக் கணக்கிலே சேர்க்கலே" என்று சத்தமாகச் சொன்னாள்.

கிழவர் அதைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்போ அளந்துதான் போட்டிருக்கான்" என்றார். மேலும் ஒரு தடவை, தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது போல, "அளந்துதான் போட்டிருக்கான்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக அவரை அரித்தது இரண்டரை அடி மண் அல்ல. கூடப் பிறந்தவன் தெரிந்தே பொய் சொன்னான் என்ற எண்ணம். என் தகப்பனாருக்கோ, அளந்து போட்டதைத் தம்பி நம்பவில்லையே என்ற கோபம். ஒருவர் சொன்ன எண் சரி. இன்னொருவர் மனசு சரி. இதை எடுத்துச் சொல்ல அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் கணக்குத் தெரியவில்லை. எனக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு இரண்டே வருஷத்தில் இதே கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். நோட்டில் வட்டம் போட்டுக் கொண்டிருந்த பிள்ளைக்கு, கொல்லைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. கணக்கு வாத்தியார் இருந்தால் அவரிடம் போய் இதைச் சொல்லியிருப்பேன். அவர் இல்லை.

சுவர் பன்னிரண்டு அடியில்தான் எழும்பியது. பத்திரம் சொன்னபடி, முளை அடித்த இடத்தின் மேலேயே போகிறது. மாதுளை மரம் சித்தப்பா பக்கம் போய்விட்டது. வெட்டுவார்கள் என்று நினைத்தேன், வெட்டவில்லை. கிணறு இருந்த இடத்தில் மட்டும் சுவரில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு வழி விடச் சொல்லிச் சித்தப்பா கொத்தனாரிடம் பிடிவாதம் பிடித்தாராம். கதவு போடவில்லை. மாதுளை காய்த்தால் பறித்துக்கொள்ள எங்களுக்கு வழி வேண்டுமே என்றாராம்.

துண்டுச் சுவரை இடித்துச் செங்கல்லை அஸ்திவாரத்தில் போட்டுவிடலாம் என்று கொத்தனார் கேட்டார். வேண்டாம் என்று நானும் தம்பியும் ஒரே சமயத்தில் சொன்னோம்.